கார்டு தட்டினால் உட்காரும் என் நாய்

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஆறு நாற்பது. செம்பூரில் மழை அன்று மேலிருந்து பெய்யவில்லை, பக்கவாட்டில் பெய்தது. அந்த நேரத்தில்தான் என் சொந்த நாய், என் கண் முன்னாலேயே, இன்னொருத்தருக்காக உட்கார்ந்தது.

எழுபத்திரண்டு வயதுக்குள் நான் பொறாமைப்பட்டது மொத்தம் மூன்று பேரைப் பார்த்து. இரண்டு பேர் ஆபீஸில் என்னைத் தாண்டிப் பிரமோஷன் வாங்கியவர்கள். அவர்களை எப்போதோ மன்னித்துவிட்டேன். ஒருத்தருக்குச் சர்க்கரை, இன்னொருத்தருக்கு மூட்டுவலி. மூன்றாமவர் எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடி 'கார்டு'. அவரைப் போல நாயை வசப்படுத்தக்கூடிய ஆசாமி கொலாபாவிலிருந்து கல்யாண் வரை கிடையாது. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

லோக்கல் ரயிலில் முப்பத்தொரு வருஷம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவி. கடைசிப் பெட்டியிலேயே காலத்தை ஓட்டியதால் எங்கே போனாலும் கடைசியில்தான் நிற்பார். கல்யாணப் பந்தியில்கூடக் கடைசி இலை. லிஃப்டில் எல்லோரும் ஏறும்வரை வெளியே நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பார். பிறகு ஏறி, சுவரில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. ரயிலில் கார்டு டிரைவருக்கு மணியடித்துச் சொல்வது அப்படித்தானாம்: இரண்டு அடித்தால் புறப்படு, ஒன்று அடித்தால் நில். லிஃப்டுக்கு இந்தச் சட்டம் தெரியாது. ஆனாலும் அவர் தட்டாமல் அது கிளம்பிவிட்டால் எங்களுக்கே பக்கென்று இருக்கும்.

நாய் வந்த கதை சின்னது. "அப்பா நடக்கவே மாட்டேங்கறார்" என்று வாஷியில் இருக்கும் என் மகள் இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். வறுத்த ரவை நிறம். என் மனைவி ரவா என்று பெயர் வைத்தாள்.

முதல் பத்தொன்பது நாளில் வீட்டுக்குள் நாற்பத்து மூன்று மூத்திரக் குட்டை. அதில் பதினொன்று, நான் படித்து முடிக்காத பேப்பரின் மேல். மூன்று ஜோடிச் செருப்பில் ஐந்து போயிற்று. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இருநூற்றுப் பன்னிரண்டு தடவை "உட்கார்" சொன்னேன். நான்கு தடவை உட்கார்ந்தது. அதிலும் மூன்று, களைப்பினால்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கீழே வாசலில் ரவா மழையைப் பார்த்து வாரை இழுத்துக்கொண்டிருந்தது. நான், "உட்கார்! சிட்! பைட்டோ!" என்று மூன்று பாஷையில் கத்திக்கொண்டிருந்தேன். கார்டு வழக்கம்போல் எல்லோருக்கும் பின்னால் இறங்கி வந்தார். கையில் சுருட்டிய சிவப்புக் கொடி.

"என்ன அண்ணாச்சி, ஒரு ஸ்டேஷனுக்கு மூணு பேரு சொன்னா பயல் எங்க எறங்குவான்?"

பைஜாமாப் பையிலிருந்து ஒரு பொட்டுக்கடலையை எடுத்தார். அதை ரவாவின் மூக்குக்கு மேலே பிடித்து மெல்லப் பின்பக்கமாக நகர்த்தினார். தலை மேலே போக, பின்பாகம் தானாகத் தரைக்கு வந்தது. வந்த நொடியில் கொடி விரிந்தது, கேட் கம்பியில் ஒரு தட்டு விழுந்தது, கடலை வாய்க்குள் போனது. இப்படி நான்கு முறை. ஐந்தாவது முறை கடலையைக் காட்டவே இல்லை. கொடி, தட்டு, உட்கார்ந்துவிட்டது. என் குடை காற்றில் மடங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் கதவின் உள்பக்கம் கார்டு எழுதிய டைம்டேபிள் ஒட்டியிருந்தது. என் மனைவி அனுமதித்திருக்கிறாள். 6.05 எழுந்தவுடன் கீழே. 7.40 சாப்பாடு. 7.50 மறுபடி கீழே. விளையாடி முடித்ததும் கீழே ஒரு ஸ்பெஷல் டிரிப். வீட்டுக்குள் குட்டை கண்டால் திட்டக் கூடாது, துடைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வெளியே போனால் மட்டும் பாராட்டு. "வண்டி லேட்டுன்னா தப்பு டைம்டேபிள் போட்டவன் பேருல அண்ணாச்சி, பாசஞ்சர் பேருல இல்ல."

குட்டைகள் வாரத்துக்குப் பதினாறிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து இரண்டு, அப்புறம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை என் கணக்கு நோட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை.

"ஏன்னா, கார்டு சார் ஒரு தடவை குரலை உசத்தினாரா, பார்த்தேளா?" என்றாள் மனைவி.

"பார்த்தேன்."

"பார்த்தா மட்டும் போறாது."

கார்டுக்கு வெள்ளி டம்ளரில் காபி. கல்யாணத்துக்கு வந்த டம்ளர். மாப்பிள்ளை வந்தால்தான் வெளியே எடுப்பாள். பதினான்கு நாளில் பதினான்கு காபி, எனக்கு எவர்சில்வரில்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் கடலை கொடுத்தால் நான் சீஸ் கொடுத்தேன். உட்காருவதற்கு முன்னாலேயே கொடுத்தேன், அன்பு பெருகட்டும் என்று. விளைவு, ரவா நாள் முழுக்க ஃபிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்தது. யாரும் சொல்லாமலே.

"ஒண்ணாந்தேதியே சம்பளத்தக் கொடுத்துட்டிய. அப்புறம் அவன் காய்கோ, எதுக்கு வேல பாக்கணும்?" என்றார் கார்டு.

ஒருநாள் ஒரு புத்தகத்தில் ஆயுதம் கிடைத்தது. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம். லிஃப்டுக்குக் காத்திராமல் மூச்சு வாங்க நான்காம் மாடி ஏறி அவரிடம் சொன்னேன். முகம் வாடும், பார்க்கலாம் என்று நின்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. கொடி அவனுக்கு இல்ல, எனக்கு. கையில கொடி இருந்தா எனக்குக் கோவம் வராது. டூட்டியில இருக்கம்லா?"

இறங்கி வந்துவிட்டேன். எண்பத்து நாலு படி.

ஒன்று மட்டும் தீர்மானித்தேன். அவருடைய தட்டை மட்டும் நான் தட்டுவதில்லை. என் நாய் என் வார்த்தைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் அது என் நாயே அல்ல.

செப்டம்பரில் ஒரு காலை, கார்டு குர்லாவுக்குப் போயிருந்தார். கேட்டருகே வாரின் கொக்கி கழன்றது. ரவா நேரே ரோட்டைப் பார்த்து ஓடியது. "நில்! ருக்! ஸ்டாப்! வாடா!" நான் கத்திக்கொண்டே பின்னால் ஓட, விளையாட்டு என்று நினைத்து அது இன்னும் வேகமாக ஓடியது. வலப்பக்கத்திலிருந்து தண்ணீர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்கும் நாய்க்கும் நடுவே இருபது அடி இருந்திருக்கும். முதல்முறையாக என் கணக்கில் எனக்கு நிச்சயமில்லை.

குடைக் கைப்பிடியால் இரும்புக் கேட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

ரவா ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்தது. லாரி சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. ரவா திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தது. அங்கே அவர் இல்லை. பிறகு என்னைப் பார்த்தது. கார்டு பழக்கியிருந்தபடி இரண்டு தட்டு தட்டினேன். சேற்றோடு ஓடிவந்து என் வேட்டியில் ஏறியது.

சாயங்காலம் கார்டிடம் விஷயத்தைச் சொன்னேன். மார்தட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"வந்ததும் கடலை கொடுத்தியளா?"

"கையில் இல்லை."

"நாளைலேருந்து பையில வச்சுக்கிடுங்க. நான் எப்பவும் இருக்க மாட்டேன்."

டிசம்பரில் அவருடைய மகன் தாணேயில் வீடு வாங்கி அவரை அழைத்துப் போய்விட்டான். டெம்போவில் சாமானெல்லாம் ஏறிய பிறகு கடைசியாக அவர் ஏறினார். நான் ஜெயித்துவிட்டேன். நாய் முழுசாக என்னுடையது. என் தட்டுக்கு உட்கார்ந்தது, என் தட்டுக்கு வந்தது. ஆனால் தினமும், கார்டு காபிக்கு இறங்கி வரும் நேரமான நாலே காலுக்கு மட்டும் படிக்கட்டின் கீழே போய், மேலே பார்த்துக்கொண்டு படுத்துவிடும். முதல் நாள் இருபது நிமிஷம். ஒன்பதாம் நாள் ஐம்பத்தைந்து. அது மேலே பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் ஐம்பத்தைந்து நிமிஷம்தானே?

"போய்ட்டுத்தான் வாங்கோளேன். உங்களுக்கும்தான் சாப்பாடு இறங்கலை" என்றாள் மனைவி.

நாய் என்றால் டாக்ஸிக்காரர்கள் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். தாணேயில் கதவு திறந்ததும் ரவா என் காலைத் தாண்டி அவர் மேல் பாய்கிறது. பார்க்க இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு செலவு?" என்பார்.

"டாக்டர் அதுக்குக் காற்று மாற்றம் வேணும்னார்" என்பேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

போக வர ஆயிரத்து நூற்று நாற்பது. பதினேழு ஞாயிறு ஆகிவிட்டது. மொத்தம் பத்தொன்பதாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.