நடுவர் மாளிகையின் இரண்டு அறைகள்

நல்லிணக்க நாடு என்று ஒரு நாடு இருந்தது. மேற்கே மலை, கிழக்கே உப்பளம், நடுவே சமாதானவர்மர் என்ற மன்னர். தம் குடிகள் சண்டை போட்டுக்கொள்வது மன்னருக்குப் பிடிக்காது. அவர்களே சமாதானமாகிப் போவது அதைவிடப் பிடிக்காது.

முன்பெல்லாம் அங்கே தகராறு என்றால் இரண்டு தரப்பும் வரப்பில் நின்று தொண்டை வற்றக் கத்தும். போகிறவர் வருகிறவர் நின்று ரசிப்பார்கள். பொழுது சாய்வதற்குள் யாராவது ஒருவர், "சரி, தொலையுது" என்று மம்பட்டியைத் தூக்குவார், வாய்க்கால் திறக்கும். இதில் நிபுணத்துவம் போதவில்லை என்று அமைச்சரவை வருந்தியது. உடனே முரசு அறைந்தார்கள். இனித் தகராறு உள்ளவர்கள் நேரில் பேசக் கூடாது. தலைநகரின் நடுவர் மாளிகைக்கு வந்து தனித்தனி அறையில் உட்கார வேண்டும். பேச்சை நடுவர்கள் சுமந்து செல்வார்கள். தகராறுக்குரிய பொருளைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டப்படும். இரு தரப்பும் அதை எட்டிப் பார்க்கலாகாது.

நடுவர்கள் பெருகினார்கள். நீருக்கு ஒரு பிரிவு, உறவுக்கு ஒரு பிரிவு, மாட்டுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. சீதனமாக வந்த மாடு முட்டினால் அதை யார் விசாரிப்பது என்று இரண்டு பிரிவுகள் கட்டிப் புரண்டதில், நடுவர்களின் தகராறைத் தீர்க்கும் நடுவர் பிரிவு என்று ஒன்றும் பிறந்தது. நாட்டிலேயே ஓய்வில்லாமல் உழைத்த பிரிவு அதுதான்.

இந்த மாளிகையின் கீழ் அறையில்தான் ஆவுடை உட்கார்ந்திருந்தாள். அவள் வயலில் நெல், கதிர் தள்ளும் தறுவாயில் பொதி கட்டி நின்றது. இப்போது தண்ணீர் பாயாவிட்டால் கதிர் முழுக்க மணி பிடிக்காத சாவிதான். வீட்டில் உலை ஏறாது. வாய்க்கால் ஒரு குன்றை முட்டி இரண்டாகப் பிரியும். இந்தப் பக்கக் கிளை ஆவுடைக்கு, அந்தப் பக்கக் கிளை அவளுடைய செத்துப்போன அண்ணனின் மனைவி உலகம்மைக்கு. ஆவுடையின் கிளை ஒருநாள் திடீரென்று வறண்டது. பிரிகிற இடத்தில் மதினி அடைத்துவிட்டாள் என்று முடிவு கட்டி, ஊர் கேட்க வைதாள். குன்றுக்கு அப்பாலிருந்து மதினியும் வைதாள். போய்ப் பார்ப்பதற்குள் பச்சைத் துணி கட்டிவிட்டார்கள்.

மதினி எதிர் அறையில் இருந்தாள். இடையே ஒரு நடைக்கூடம்.

"சொல்லுங்கள் அம்மா. தங்கள் தரப்பு என்ன?" என்றார் நீர் நடுவர். அவரோடு உறவு நடுவரும் வசவு நடுவரும் வந்திருந்தார்கள்.

"நாசமாப் போறவ! மதினி, எங்க அண்ணன் இருந்தா இப்பிடிச் செய்வியா? தண்ணிய விடு. பயிரு சாவுதுன்னு போய்ச் சொல்லுங்கய்யா."

நடுவர்கள் பணிவோடு பேச்சைப் பங்கு போட்டார்கள். மதினியையும் அண்ணனையும் உறவு நடுவர் எடுத்துக்கொண்டார். தண்ணீரை நீர் நடுவர் எடுத்தார். முதல் இரண்டு சொற்களை வசவு நடுவர் பத்திரமாக வாங்கிக்கொண்டார். 'பயிரு சாவுது' மட்டும் மிஞ்சியது. பயிர் என்பதால் வேளாண் பிரிவு, சாவு என்பதால் இழவுப் பிரிவு. இரண்டும் உரிமை கோரி வழக்காடியதால் அந்தச் சொற்கள் நடைக்கூடத்தோடு நின்றுபோயின. மற்றவை போய்ச் சேர்ந்தன. வசவு மட்டும் ஓர் எழுத்துக் குறையாமல் சேர்ந்தது.

உறவு நடுவர் திரும்பி வந்தார். "தங்கள் மதினி அழுதார்."

"எதுக்கு அழுதா?"

"அழுகை என் பிரிவு. காரணம் என் பிரிவில் வராது."

"நீரு மனுசன்தானா?"

"இதை வசவு நடுவரிடம் தெரிவித்துவிடுகிறேன்" என்று அவர் வணங்கி விடைபெற்றார்.

ஆவுடைக்குத் தாகம் எடுத்தது. குடிக்கத் தண்ணீர் தேடி முற்றத்துக்கு வந்தாள். அங்கே ஆள் உயரத்துக்குமேல் ஒரு நீரூற்று பொங்கிக்கொண்டிருந்தது. அமைதியின் சின்னமாக மன்னரே திறந்து வைத்த ஊற்று என்று கல்வெட்டுச் சொன்னது. தண்ணீர் செக்கச் செவேலென்று இருந்தது. மலையில் மழை பெய்து ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் அவளுடைய வாய்க்காலில் ஓடும் அதே செம்மண் தண்ணீர். தொட்டியில் அயிரை மீன் குஞ்சுகள் துள்ளின. சுவரோரம் ஒரு புதுக் கால்வாய், குன்று இருக்கும் திசையிலிருந்து வந்து விழுந்துகொண்டிருந்தது.

ஆவுடை நேரே நடைக்கூடத்துக்கு ஓடி எதிர்க் கதவைத் தட்டினாள்.

"மதினி! மடைய அடச்சது நீயா?"

"நானா? நீதானட்டி அடச்ச! எம் வயலு வெடிச்சுக் கெடக்கு!"

"அப்போ ஒனக்கும் தண்ணி வரலியா?"

உள்ளே உலகம்மை எழுந்து கதவை நோக்கி வரும் சத்தம் கேட்டது. அதற்குள் தலைமை நடுவர் அமைதிநம்பி ஓடி வந்து, ஆவுடையை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். "என்ன அம்மா இப்படிச் செய்துவிட்டீர்கள்! நேரில் பேசினால் தகராறு கெட்டுப்போகாதா?"

மாளிகை நடுங்கியது. நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அமைச்சரவை அவசரமாகக் கூடியது. பின்னர் அமைதிநம்பி ஒரு தாம்பாளத்தோடு ஆவுடையின் அறைக்குத் திரும்பி வந்தார். அதில் பொன்னாடை இருந்தது.

"மாமன்னர் மனம் இரங்கிவிட்டார். குடிகளுக்கும் நீரூற்றுக்கும் இடையிலான தகராறுகளுக்கென்று புதுப் பிரிவு அமைத்திருக்கிறார். தாங்கள்தான் அதன் தலைவி. தங்கள் பக்கக் கிளைக்கு மட்டும் உடனே தண்ணீர். நீரூற்றைப் பற்றி வெளியே பேசாதிருப்பது பதவியின் கண்ணியம்."

"எம் பக்கத்துக்கு மட்டுமா? மதினிகிட்ட என்ன சொன்னீரு?"

"அது ரகசியம் அம்மா. ஒரு அறையில் பேசியதை மறு அறையில் சொல்ல மாட்டோம். எங்கள் தொழிலுக்கு உயிரே அதுதான்."

ஆவுடை யோசித்தாள். மதினிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணன் விட்டுப்போன கடனும் இருக்கிறது. இவர் எப்படியும் அங்கே போய்விட்டுத்தான் வந்திருப்பார். அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். யார்தான் சொல்லமாட்டார்கள்? நான் மாட்டேன் என்று வீம்பு பிடித்தால் என் பயிர்தானே சாகும்? பொதி கட்டிய நெல் கண்ணுக்குள் நின்றது. அவள் கழுத்தை நீட்டினாள். பொன்னாடை விழுந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது எதிர்க் கதவும் திறந்தது. உலகம்மை நின்றாள். அவள் தோளிலும் அதே சரிகை, அதே நிறம்.

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் தலை குனிந்தவள் ஆவுடை.

"ஒனக்கும் போட்டாவளா மதினி?"

"போட்டாவ. நீ மொதல்லயே வாங்கிட்டன்னு நெனச்சேன்."

"நானும் அதத்தான் நெனச்சேன்."

"அப்போ தண்ணி யாருக்குட்டி?"

அமைதிநம்பி குறுக்கே புகுந்தார். "நல்ல கேள்வி! உண்மையான தலைவி யார் என்று தீர்ந்த பிறகு அவருக்குத் தண்ணீர் விடப்படும். இதற்குப் பதவித் தகராறுப் பிரிவு உண்டு. தயவுசெய்து அவரவர் அறைக்குள் செல்லுங்கள்."

உலகம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பொன்னாடையை உருவி, சுருட்டி, அவர் தாம்பாளத்திலேயே வைத்தாள். ஆவுடையும் வைத்தாள். முற்றத்தில் தோட்டக்காரர்களின் மம்பட்டிகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு புதுக் கால்வாயை ஒட்டி இறங்கினார்கள்.

"நில்லுங்கள்! இது எந்தப் பிரிவில் வருகிறது?" என்று அமைதிநம்பி கூவினார். நடுவர்கள் எல்லோரும் நடைக்கூடத்துக்கு ஓடி வந்தார்கள். நீர் நடுவர் உறவு நடுவரைப் பார்த்தார். உறவு நடுவர் வசவு நடுவரைப் பார்த்தார். இரண்டு தரப்பும் ஒரே பக்கமாக நடந்து போவதற்கு அந்த மாளிகையில் பிரிவு எதுவும் இல்லை.