பேத்தியைக் காட்டாத மூன்று சிஸ்டங்கள்

கவரைப்பேட்டை,
2-11-2008.

மாப்பிள்ளை தணிகைவேல் அவர்களுக்கு மாமனார் ஆதிநாராயணன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை குணசுந்தரியும் சுகம். நீங்கள் மஸ்கட் போகும்போது விட்டுச் சென்ற கம்ப்யூட்டர்தான் சுகமில்லை. அங்கே நீங்களும் சுமலதாவும் பேத்தியும் சுகமென்று நம்புகிறேன். கண்ணால் பார்த்தால்தானே பேத்தியைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியும். போனில் பேசலாமென்றால் என் கோபம் முழுதாக வெளியே வருவதற்குள் லைன் கட்டாகிவிடுகிறது. அதனால் கடிதம்.

இருபத்தோராம் தேதி வெள்ளிக்கிழமை அவளுக்கு முதல் பிறந்தநாள். அன்று காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் முகத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதைத்தான் ஆவணியிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் போட்டுக் கொடுத்தது விண்டோஸ் 98. வீட்டுக்கு இதைவிட லேசான சிஸ்டம் கிடையாது என்றீர்கள். மாப்பிள்ளை பேச்சை மறுத்துப் பேசும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை, அதனால் எழுத்தில் சொல்கிறேன், அதற்கு வாய் அதிகம். காலையில் போட்டதும், நேற்று என்னை முறைப்படி நிறுத்தவில்லை என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டும். யாரைப் பார்த்து? சிப்காட் ரோலிங் மில்லில் முப்பத்தோரு வருஷம் மோட்டார்களை நிறுத்தியவனைப் பார்த்து. ஒருவன் மெஷினுக்குள் கையை விட்டிருக்கும்போது இன்னொருவன் சுவிட்சைப் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். அன்றிலிருந்து ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப்பையில் போடாமல் எந்த மெஷினை விட்டும் நகர்ந்ததில்லை. ரிட்டயரான பிறகும் சாயங்காலம் ஆறு அடித்தால் முன்னறை லைனின் கட்டை என் பையில்தான். என்னிடம் முறை பேசுகிறது ஒரு டப்பா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக ஒரு மாதம் என்னைத் திட்டிவிட்டு ஒருநாள் நீலத் திரையோடு நின்றுவிட்டது.

அதைக் கேள்விப்பட்டு வந்தவர் ஹனீப். பழவேற்காட்டுக்காரர், கும்மிடிப்பூண்டி பஜாரில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறார். "இன்னா அண்ணே, இன்னமும் தொண்ணூத்தெட்டயே வச்சிகினு பேஜாரு படுறீங்க? எக்ஸ்பி போட்டா அதும்பாட்டுக்கு ஓடும்" என்று சொல்லி அதைப் போட்டார். திறந்தவுடன் ஒரு பச்சை மேடு, மேலே நீல வானம். சிப்காட் புகையில் ஆயுசைக் கழித்தவனுக்கு அது பொய்யென்று தெரியாதா? மூன்று வெள்ளிக்கிழமை ஒழுங்காக ஓடியது, மூன்றிலும் உங்களுக்கு டியூட்டி. நான்காவது வெள்ளி உங்கள் அத்தை பட்டுப்புடவை கட்டி, கையில் கிலுகிலுப்பையோடு அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஏதோ ஃபைலைக் காணோம் என்று கறுப்புத் திரை வந்தது. தொலைத்தது அது, தேட வேண்டியது நானாம். அத்தை புடவையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை.

அடுத்தவன் எதிர்வீட்டு மோசஸ், வள்ளூரில் பவர் ஹவுஸ் கட்டுகிற இடத்தில் வேலை. அவனுக்கு லினக்ஸ் என்றால் வேதம். சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்புகிறார்களாம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன், பல்லே இல்லை. "அண்ணா, இதுல வைரஸே வராது. கரண்ட்டு மாதிரி நிக்காம வேலை செய்யும்" என்றான். நம் ஊர்க் கரண்ட்டை அவன் எங்கே பார்த்தானோ. காலையில் போட்டால் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று ஒன்று, இரண்டு எண்ண ஆரம்பிக்கும். நான் நாஷ்டா முடித்து, பேப்பர் படித்து, பேப்பரை மடித்து வைத்தாலும் நாற்பதைத் தாண்டாது. முந்தாநாள் எண்ணுவதையும் விட்டுவிட்டு, நாலு வரி வெள்ளை எழுத்தோடு உட்கார்ந்துவிட்டது. இதற்கு எக்ஸ்பிதான் காரணமென்று மோசஸும், லினக்ஸ்தான் காரணமென்று ஹனீப்பும் சொல்லி, இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆக, 98 திட்டும், எக்ஸ்பி தொலைக்கும், லினக்ஸ் எண்ணும். குடித்தனம் நடக்கிற வீட்டுக்கு மூன்றும் லாயக்கில்லை என்பது என் தீர்ப்பு. நாளைக்கே டப்பாவைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போடப்போகிறேன். பிறந்தநாள் போட்டோவைத் தபாலில் அனுப்பிவிடவும். உங்கள் அத்தைதான், "உங்க பஞ்சாயத்து முடியறதுக்குள்ள எம் பேத்திக்குக் கல்யாணமே ஆயிடும், அங்க போய் மூஞ்சியப் பாத்துக்கறேன்" என்கிறாள். அவளுக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பேத்தி நூறாயுசு இருக்கட்டும். சுமலதாவை வெயிலில் அலையவேண்டாமென்று சொல்லவும். உங்களுக்குத் திருத்தணி முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
எந்த சிஸ்டத்தையும் நம்பாத மாமனார்,
ஆதிநாராயணன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மோசஸ் வந்து, கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று முன்னறையில் திரும்பவும் லினக்ஸைப் போட்டு உட்கார்ந்தான். ஆறு அடித்தது. நான் எழுந்து கட்டையை உருவிப் பையில் போட்டேன். "அண்ணா, ஓடிக்கினு இருக்கும்போதேவா உருவுவீங்க? ஷட்டவுன் குடுக்க மாட்டீங்க?" என்று இருட்டிலிருந்து கேட்டான். "கட்டைய உருவுறதுதான்டா ஷட்டவுன்" என்றேன். "தெனமுமா?" என்றான். ஒருநாள் தவறியதில்லை என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவன் ஹனீப்புக்குப் போன் போட்டு, தப்பு எக்ஸ்பி மேலும் இல்லை, லினக்ஸ் மேலும் இல்லை, கட்டை மேல்தான் என்றான். இப்போது இருவரும் என் முன்னறையில் ஒன்றாக உட்கார்ந்து, உங்கள் அத்தை சுட்ட அடையைத் தின்றபடி சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்ப எழுதத் தெம்பில்லை. மேலே உள்ளதில் ஆசீர்வாதத்தைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அத்தை வந்து கையை நீட்டினாள். மில்லில் மேனேஜர் கேட்டும் கொடுக்காதவன், கட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள், இனி அதைப் போடுவதும் உருவுவதும் அவள்தானாம். இருபத்தோராம் தேதி பத்து மணிக்குப் பேத்தியைக் காமிராவுக்கு நேராக உட்கார வையுங்கள்.