கொண்டல்சாமிக்கு இடுப்பு பிடித்த கதை

ஒரு காட்டில், மூங்கில் புதருக்குப் பின்னால், தங்கபுஷ்பம் என்ற மலைப்பாம்பு ஜிம் நடத்தி வந்தது. தினமும் முதல் ஆளாக வந்து நிற்பது கொண்டல்சாமி என்ற கரடி. கண்ணாடியில் தெரிகிற நெஞ்சுக்கும் புஜத்துக்கும் மட்டும்தான் அது பயிற்சி செய்யும்.

"தம்பி, தரையில கிடக்கிற பாரத்தைத் தூக்கி நிமிர்ற டெட்லிஃப்ட் பண்றதுக்கு முன்னாடி கீழ்முதுகைப் பலப்படுத்து. குப்புறப் படுத்து நெஞ்சையும் காலையும் தூக்கு. பாரத்தைத் தூக்குறது காலும் இடுப்பும்தான். கீழ்முதுகு வளையாம தாங்கணும்," என்றது பாம்பு.

"குப்புறப் படுத்தா நெஞ்சும் புஜமும் யாருக்கு அக்கா தெரியும்? காலே இல்லாத நீங்க காலைப் பத்திச் சொல்றீங்க!"

"கால் இல்லைதான். ஆனா உடம்பு முழுக்க முதுகாச்சே. அதைப் பத்தி ஏதோ கொஞ்சம் தெரியும்."

கரடி கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே வந்திருந்த ஒரு குரங்கின் கையில் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னது. கம்பியில் இரண்டு தட்டுகளைக் கூடுதலாக மாட்டிக் குனிந்து இழுத்தது. முதுகு வில்லாக வளைந்தது.

"முதுகு! முதுகு!" என்று பாம்பு கத்தியது.

தன்னை உற்சாகப்படுத்துவதாக நினைத்து, கரடி இன்னும் வேகமாக இழுத்தது. 'டக்' என்று ஒரு சத்தம். கம்பி அசையவில்லை. அதன் பிறகு கரடியும் அசையவில்லை. நான்கு காட்டுப்பன்றிகள் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயின.

இரண்டு மாதம் படுக்கை. தும்மினால் கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்து உட்கார முடிந்ததும், பாம்பு சொன்ன பயிற்சியை முனகிக்கொண்டே ஆரம்பித்தது. முதுகு தேறியது. ஆனால் ஜிம்முக்குப் போகத்தான் வெட்கமாக இருந்தது. எல்லோரும் சிரிப்பார்களே!

ஒருநாள் அகலமான பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி உள்ளே நுழைந்தது. யாரும் சிரிக்கவில்லை. மான்களும் பன்றிகளும் சூழ்ந்துகொண்டன.

"அண்ணே, முதுகெலும்புல டிஸ்க் விலகிடுச்சா? எங்களுக்கு அப்படி ஆகாம இருக்க என்ன பண்ணணும்னு சொல்லுங்க!"

வேறொன்றும் தெரியாததால், பாம்பு சொன்னதையே கரடி சொன்னது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

"தங்கபுஷ்பம் அக்காவும் இதைத்தானே சொல்லுவாங்க?" என்றது ஒரு மான்.

"அவங்களுக்கு ஒருநாளாவது முதுகு வலிச்சிருக்கா? அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றது ஒரு பன்றி.

அடுத்த மாதமே கரடி ஆற்றோரம் தனியாக வகுப்பு ஆரம்பித்தது. வாசலில் நீண்ட வரிசை. மூங்கில் புதர்ப் பக்கம் ஈ, காக்கை இல்லை. ஒரு காலையில் தங்கபுஷ்பமே ஊர்ந்து வந்தது.

"தம்பி, இங்கே ஏதாவது வேலை இருக்கா?"

கரடிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டது.

"உங்களுக்கு இல்லாமலா அக்கா? ஆனா எல்லாரும் அனுபவம் கேக்குறாங்க. எங்கேயாவது அடிகிடி பட்டிருக்கா?"

நீதி: சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் முதுகை உடைத்துக்கொள்ளவும். ஒழுங்காக வைத்திருப்பவர் பேச்சை யாரும் கேட்பதில்லை.