கயிறு கட்டிய காருக்கு நாற்பது மைல் வேகம்

செஞ்சி
12-3-1964

மேன்மை பொருந்திய மச்சான் ஜகபர் அலி அவர்களுக்குச் சைபுதீன் சலாம் சொல்லி எழுதுவது. அங்கு அனைவரும் சுகமென்று நம்புகிறேன். இங்கு நான் சுகமில்லை, என் கார் அதைவிட மோசம்.

உங்கள் மகள் சாகிராவின் நிக்காஹ்வுக்கு நாங்கள் அனந்தபுரம் வந்து சேர்ந்தபோது பிரியாணி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தங்கை, அதாவது என் மனைவி ரோஷன் பீ, அத்தனை பேர் முன்னால், "இந்த வண்டி வேகமா ஓடுதுன்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும், அப்பால நான் செஞ்சிக்கு வரேன்" என்று சொல்லி உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். நான் தனியாகத் திரும்பும்போது கார் பாதி வழியில் படுத்துவிட்டது. மல்லாட்டை மூட்டை ஏற்றிவந்த லாரிக்கார விநாயகம் இரக்கப்பட்டு, கயிறு கட்டி இழுத்தார். இழுத்தாரா, பறந்தார்! இருபது மைல் வேகத்துக்கு மேல் போகாதே என்று எழுதிய பலகை பின்னால் ஓடியது, கோட்டை மலை எதிரே ஓடிவந்தது, நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். கடைத்தெரு முனையில் விசில் சத்தம். அந்த நேரம் பார்த்துக் கயிறு அறுந்தது. லாரி போயே போய்விட்டது. என் கார் மட்டும் உருண்டு வந்து போலீஸ்காரர் காலடியில் நின்றது.

"இன்னா பாய், நாப்பது மைல்ல வர்ற? ஏரோபிளேன்னு நெனப்பா?"

"ஏட்டையா, எஞ்சினே ஓடல. கயித்தப் பாருங்க."

"லாரி எங்க? நிக்கிறது நீதான?"

சம்மன் வந்துவிட்டது. வருகிற வியாழன் கோர்ட்டு. அபராதமாக ஒரு பைசா கட்ட மாட்டேன், மச்சான்! ஓடாத காருக்கு வேகம் எங்கிருந்து வரும் என்று மாஜிஸ்திரேட்டையே கேட்பேன். அறுந்த கயிற்றை மேசைமேல் போடுவேன். விநாயகத்தைக் கூண்டில் ஏற்றுவேன். எங்கள் எதிர்வீட்டு ராஜாம்பாள் சாட்சி சொல்லுவார், ஓடுகிற என் காரிலிருந்து இறங்கி, கீரை பேரம் பேசி வாங்கி, மறுபடி ஏறிக்கொண்டவர் அவர். அதிகாரிகளே வந்து ஓட்டிப் பார்க்கட்டும், இருபது மைலைத் தொட்டுவிட்டால் நானே ஜெயிலுக்கு நடந்து போகிறேன். நியாயம் என் பக்கம். எவருக்கும் தலைகுனிய மாட்டேன்.

சாகிராவுக்கும் புது மாப்பிள்ளைக்கும் என் துஆ. பெரியவர்களுக்குச் சலாம்.

இப்படிக்கு,
எதற்கும் பணியாத
சைபுதீன்

பின்குறிப்பு: தபால் பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். கேஸில் ஜெயித்தால் என் கார் ஓடாது என்றல்லவா தீர்ப்பாகிவிடும்! ரோஷன் பீ இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, மச்சான். வியாழனன்று குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அவள் கண்ணில் படாமல் கிழித்துவிடுங்கள். இத்துடன் வைத்திருக்கும் சம்மனை மட்டும் படித்துக் காட்டுங்கள், 'நாற்பது மைல்' வரும் இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி. யாராவது ஒருத்தர் சொல்லட்டும் என்றாளே, சர்க்காரே முத்திரை போட்டுச் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்கு அந்தச் சம்மன் வேண்டும், அவளிடமே கொடுத்தனுப்புங்கள். பஸ்ஸில் அனுப்புங்கள், கார் இன்னும் பட்டறையில்தான் கிடக்கிறது.