குண்டுக்குச் சுகமில்லை

புதிதாகக் கல்யாணமான ஆண்பிள்ளை, மனைவி இல்லாத நேரத்தில் வீட்டைச் சுத்தம் செய்யவே கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். மனைவி வந்து பார்த்து மெச்சிக்கொள்வாள் என்று கனவு கண்டபடி தேய்த்தவன், மறுநாள் காலையில் பிஸ்கட் டின்னும் கையுமாகத் துப்பாக்கி முனையில் நின்றேன்.

இது தொண்ணூறுகளில், இலங்கை யுத்த காலத்தில் நடந்தது. அப்போது நான் எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். (பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். துரை தும்மினால் கைலேஞ்சி தேடிக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான்.) என் மனைவி மல்லிகா இரத்தோட்டைக்காரி. பகல் முழுக்கக் குவார்ட்டர்ஸில் தனியாகக் கிடந்தவளுக்குக் குளியலறையில் ஒரு துணை கிடைத்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குடியிருந்த ஒரு தேரை. உள்ளங்கை அகலம், கழுத்தே கிடையாது. 'குண்டு' என்று பெயர் வைத்தாள். கரப்பான்பூச்சி பிடித்துப் போட்டுக்கொண்டே அன்றைய சமாச்சாரம் எல்லாம் அதனிடம் சொல்லுவாள். அதுவும் தொண்டையை ஆட்டி ஆட்டிக் கேட்கும். நான் ஒருநாளும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். எனக்கோ தேரை என்றாலே உடம்பு கூசும். அதற்கு முதுகைக் காட்டாமல்தான் குளிப்பேன்.

மல்லிகாவுக்கு ஐந்து மாதமானபோது பக்கத்துத் தோட்டத்திலிருந்து அம்மா பார்க்க வந்தார். குளியலறைக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பினார்.

"புள்ளத்தாச்சி இருக்கிற ஊட்டுல தேரையா? பொறக்கிற புள்ளைக்குத் தேரை தட்டுனா நோஞ்சானாப் போயிரும்டா. மொதல்ல அதைத் தூக்கி வெளிய எறி."

"பாவம் மாமி, அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்குது," என்றாள் மல்லிகா.

நான் அம்மாவைப் பார்த்து ஒரு தரம், மல்லிகாவைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினேன். இரண்டு பேருக்குமே நல்லவனாக இருந்துவிட்ட திருப்தி எனக்கு.

அடுத்த வாரம் மல்லிகா சித்தி மகள் கல்யாணத்துக்காக இரத்தோட்டைக்குப் போனாள். பஸ் ஏறுமுன் சொன்னாள்: "குண்டைப் பாத்துக்குங்க. நான் வாறப்ப அது இல்லாட்டி, மாமியும் நீங்களும் சேர்ந்துதான் செஞ்சீங்கன்னு நெனச்சுக்குவேன்."

சிரிக்காமல்தான் சொன்னாள். எனக்கு அது பயமாகவே இருந்தது. அதனால் நன்றாகப் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்து, அன்று சாயந்தரமே அரைப் போத்தல் பினாயிலை ஊற்றிக் குளியலறையைக் கழுவினேன். தொட்டிக்கு அடியைக்கூட விடவில்லை. குண்டும் ஒருமுறை சுத்தமான இடத்தில் இருந்து பார்க்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

காலையில் குண்டு நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. தொண்டை ஆடவில்லை. கண்ணில் ஒரு வெள்ளைப் படலம். தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஓடினேன்.

"மனுசனுக்கே எங்கிட்ட ரெண்டு மருந்துதான் இருக்கு," என்றார் அங்கிருந்த டொக்டர் ஐயா. "மாத்தளையில மாட்டு டொக்டர் இருக்காரு. உசிரு இருக்கிறப்பவே கொண்டு போங்க."

பிஸ்கட் டின் மூடியில் ஆணியால் துளை போட்டு, ஈரத்துணி விரித்து, குண்டை இரண்டு சோற்றுக் கரண்டிகளால் தூக்கி உள்ளே வைத்தேன். (எந்தக் கரண்டிகள் என்று மல்லிகாவுக்கு இன்றுவரை தெரியாது.)

மாத்தளைக்குச் சற்று முன்னால் செக் பொயிண்ட். எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவருக்குக் காது மந்தம். அவரோடு யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

"டின்ல என்ன கிளாக்கரையா?"

"குண்டு."

"என்னது?"

"குண்டுங்க," என்று கத்தினேன். "ஊட்டுல வச்சிருந்தது. மூடியைத் தொறந்தா என்னாகுமோ தெரியல."

முன்னால் நின்ற இளம் பட்டாளத்துக்காரனுக்கு மூன்றே மூன்று தமிழ்ச் சொற்கள் தெரிந்திருந்தன. வா, அட்டை (அடையாள அட்டையைத்தான் சொல்கிறேன்), குண்டு. வரிசை எப்படிக் கலைந்தது என்றே தெரியவில்லை. எனக்குப் பின்னால் யாரும் இல்லை, முன்னால் துப்பாக்கி மட்டும் இருந்தது. வரிசையிலிருந்து தனியாகக் கூட்டிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வராத காலம் அது. பிறக்கப்போகிற பிள்ளையிடம், உன் அப்பா ஒரு தேரைக்காகப் போய்ச் சேர்ந்தார் என்று சொல்வார்களே என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மேக்கே மொக்கத்த?" உள்ளே என்ன என்று கேட்டான்.

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்குப் பார்த்து அத்தனையும் மறந்துபோனது. கடைசியில் வாயில் வந்தது இரண்டே சொல்.

"கெம்பாட்ட லெடய்."

தேரைக்குச் சுகமில்லை. பட்டாளத்தில் அவனுக்கு என்னவெல்லாமோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள், இதற்கு மறுமொழி சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். டின்னைத் தரையில் வைத்து நீயே திற என்று சைகை காட்டினான். திறந்தேன். அதற்குள் கொஞ்சம் வயதான இன்னொருவர் வந்து எட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, யார் பினாயில் ஊற்றியது என்று சிங்களத்தில் கேட்டார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் கலேவெலப் பக்கத்து விவசாயக் குடும்பமாம். வயலுக்கு மருந்தடித்தால் தவளைகள் இப்படித்தான் விழுந்து கிடக்குமாம், அம்மா எடுத்துக் கழுவி விடுவாராம். சொல்லிக்கொண்டே குந்தியிருந்து குண்டை உள்ளங்கையில் எடுத்து, தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முதுகிலும் வயிற்றிலும் மெதுவாக ஊற்றினார். போத்தல் காலியானது. துப்பாக்கிக்காரன் தன் போத்தலையும் நீட்டினான். ஓடிப்போன சனங்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது போத்தலில் பாதி போனபோது குண்டின் தொண்டை ஒருமுறை ஆடியது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோசம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

டின்னை என்னிடம் தந்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "நம மாறு கரன்ன." பெயரை மாற்று.

மாட்டு டொக்டரிடம் போகாமல் அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினேன். மல்லிகா வர இருந்த இரண்டு நாளும் லீவு போட்டு, கரண்டி இல்லாமல் கையாலேயே எடுத்துக் கழுவினேன். குண்டு பழையபடி தொட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. மல்லிகா வந்து இறங்கியதும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவள் துப்பாக்கியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"மாமி சொல்லித்தான் ஊத்துனீங்களா?"

"இல்ல. நானாத்தான். நீ வந்து மெச்சிக்குவேன்னு நெனச்சேன்."

"அப்ப சரி," என்றாள். "வெறும் மண்டுதான். மண்டோட குடும்பம் நடத்தலாம்." பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நோஞ்சானாகப் பிறக்கும் என்று அம்மா பயந்த மகள், தொட்டில் கயிறு தாங்காத கனத்தோடு பிறந்தாள். எங்கள் வீட்டில் எல்லா வியாதிக்கும் பெயர் 'கெம்பாட்ட லெடய்' ஆனது. எனக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றாலும் அதுதான். மற்றவர்கள் "தண்ணி ஊத்து" என்று பதில் சொல்ல வேண்டும்.

மகளுக்குப் போன வருசம் கல்யாணமாகிக் கொழும்பில் இருக்கிறாள். போன மாதம் போன் பண்ணினாள்.

"அப்பா, கெம்பாட்ட லெடய். நாலு நாளா காலையில எந்திரிச்சா ஒரே வாந்தி."

"தண்ணி ஊத்து," என்றேன் வழக்கம்போல.

மல்லிகா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "மண்டு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, "எத்தனை நாள் தள்ளிப் போயிருக்குடி?" என்று கேட்டாள்.