டை கட்டிய அங்கிளைப் பார்த்து எழுதிய சோதனை

காப்பியடிக்கவும் கொஞ்சம் படிப்பு வேண்டும். யாரைப் பார்த்து எழுதலாம், யாரைப் பார்த்து எழுதக்கூடாது என்று தெரிவதற்கே நாலு வகுப்பு கூடுதலாகப் படித்திருக்க வேண்டும். நான் ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். (முதலில் கும்பிட்டது பள்ளிக்கூடம்தான். அதை விடுங்கள்.) அதனால் ஆறாம் ஆண்டு வகுப்பறை உள்ளே எப்படி இருக்கும் என்பதே எனக்கு நாற்பது வயதைத் தாண்டித்தான் தெரிந்தது. ஒரே ஒரு காலைப்பொழுது உள்ளே உட்கார்ந்தேன். அதற்குள் காப்பியடித்து மாட்டிக்கொண்டேன்.

அப்போது என் மகள் தர்ஷினி கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. எங்கள் காலத்தில் ஆறாம் ஆண்டு என்றால் கடைசியில் ஒரு பெரிய சோதனை வரும். வீட்டில் டிவி ஒயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். இப்போது அந்தச் சோதனையை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பரவாயில்லை, பிள்ளை நிம்மதியாக இருக்கும், நாமும் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். மாலதி டீச்சரைப் பற்றித் தெரியாததால் அப்படி நினைத்துவிட்டேன்.

மாலதி டீச்சர் தன் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் பிள்ளைகள் அந்த வாரம் படித்ததை வீட்டில் ஒரு பெரியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கு ‘வீட்டு மாணவர்’ என்று பெயர். வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று, தன் மாணவர் எப்படிப் படித்தார் என்று வகுப்பில் சொல்ல வேண்டும். அடுத்தவருக்குப் புரிய வைத்தால்தான் நமக்கே புரிந்திருக்கிறது என்று அர்த்தம் என்பது டீச்சரின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் என் மனைவி செல்விக்கு பேக்டரியில் சாயங்கால ஷிப்ட். ஆகவே தர்ஷினிக்கு வாய்த்த மாணவன் நான்.

நான் பண்டமாரானில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற லோரிகளுக்கு டயர் மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், முதுகு ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். வியாழக்கிழமைகளில் மட்டும் சாப்பாட்டு மேசையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு தர்ஷினி காத்திருப்பாள். குளித்துவிட்டு வரச் சொல்வாள். கொட்டாவி விட்டால் எழுந்து கூடத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வரச் சொல்வாள். ஒரு முறை விழுக்காடு நடத்தும்போது நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். (லோரிக்காரர்களிடம் கற்றுக்கொண்ட வித்தை அது. அவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது.)

நுண்ணுயிர் பாடம் வந்த வாரம் இன்னும் மோசம். ரொட்டியில் பூசணம் எப்படி வளர்கிறது என்று காட்டுவதற்காக, ஒரு துண்டு ரொட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி பிரிட்ஜுக்கு மேலே வைத்திருந்தாள். வியாழக்கிழமைதான் பாடம். புதன்கிழமையே பசியோடு வந்த நான், அதில் காயா ஜாம் தடவித் தின்றுவிட்டேன். கொஞ்சம் புளித்த மாதிரி இருந்தது. காயாதான் பழசு போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் என் மகள் எழுந்து நின்று, தன் மாணவர் பாடத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்று அறிக்கை கொடுத்திருக்கிறாள். அன்று மதியம் அவளை அழைத்துவரப் போனபோது, பள்ளி வாசலில் முன்பின் பார்த்திராத ஒரு பையன் என்னைப் பார்த்து, “அங்கிள், வயிறு ஓகேவா?” என்று அக்கறையோடு விசாரித்தான்.

சிரிப்பை விடுங்கள். ஒன்றை மட்டும் நான் உண்மையாகச் சொல்ல வேண்டும். அவள் நல்ல டீச்சர். எனக்குப் புரியாவிட்டால் அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்ல மாட்டாள். வேறு மாதிரி சொல்வாள். அப்போதும் புரியாவிட்டால் பிரிட்ஜைத் திறந்து வெங்காயம், கேரட் என்று எதையாவது எடுத்துவந்து மேசையில் அடுக்கிக் காட்டுவாள். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார்கள் எல்லாரும் வகுப்பை அந்தக் கேள்வியில்தான் தொடங்குவார்கள். வருடக் கடைசியில், எனக்கே தெரியாமல், எனக்கு விழுக்காடு போட வந்துவிட்டது. கடையில் டவுக்கே, அதாவது என் முதலாளி, சொல்லுகிற விலைக் கழிவை எல்லாம் மனசுக்குள் போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் மாலதி டீச்சர் ஒரு செய்தி அனுப்பினார். ஒரு சனிக்கிழமை காலை வீட்டு மாணவர்கள் எல்லாரும் வகுப்புக்கு வர வேண்டும். சின்னதாக ஒரு சோதனை இருக்கும். எந்த மாணவர் நன்றாகச் செய்கிறாரோ, அவருக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைதான் அந்த வருடத்தின் கடைசிப் பாடத்தை நடத்தும். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் டீச்சர் பிள்ளைகளோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

தர்ஷினிக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும். சும்மா வேண்டும் இல்லை. ஏற்கெனவே கிடைத்துவிட்ட மாதிரி தயாராகிவிட்டாள். கிரகணத்தைப் பற்றி ஒரு பாடம். டார்ச் லைட்தான் சூரியன், ஆரஞ்சுதான் பூமி, எலுமிச்சைதான் நிலா. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, “கடைசி வரிசையில பேசுறது யாரு?” என்று கேட்டுப் பழகுவதை என் காதால் கேட்டேன். என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“அப்பா, உங்களுக்கு எல்லாமே தெரியும். பயப்படாம எழுதுங்க, போதும்.”

சனிக்கிழமை காலை, சவுக்காரத் தூள் போட்டுக் கையைத் தேய்த்தேன். தோல்தான் உரிந்ததே தவிர டயர் கறுப்பு போகவில்லை. வகுப்பறைக்குப் போனால் எல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலி. உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பிள்ளைகள் எல்லாரும் பின்பக்கச் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். வாயைத் திறக்கக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. தர்ஷினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

என் பக்கத்து மேசையில் கவின் என்கிற பையனின் அப்பா வந்து உட்கார்ந்தார். நீலச் சட்டை, காலில் பளபளக்கும் சப்பாத்து, கழுத்தில் கோடு போட்ட டை. உட்காருவதற்கு முன்னால் போனில் யாரிடமோ இங்கிலீஷில், “நோட்டட், நோட்டட்” என்று இரண்டு முறை சொன்னார். ‘நோட்டட்’ என்று நான் பதில் சொல்லும்படி இந்த உலகத்தில் யாரும் ஒரு முறைகூட என்னிடம் எதையும் சொன்னதில்லை. சரி, பேங்க் மேனேஜருக்குக் குறைந்த ஆள் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

தாள் வந்தது. படித்துப் பார்த்தால், நம்ப மாட்டீர்கள், எல்லாம் எனக்குத் தெரிந்த கேள்விகள். ரொட்டியில் பூசணம் எதனால் வருகிறது? நுண்ணுயிரால். (தின்றவனுக்குத் தெரியாதா?) எண்பதில் இருபத்தைந்து விழுக்காடு எவ்வளவு? இருபது. சூரிய கிரகணத்தின்போது நடுவில் இருப்பது எது? நிலா. டயரில் ஏன் பள்ளம் பள்ளமாகக் கோடு போட்டிருக்கிறார்கள்? அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரச் சாலையில் வழுக்காமல் பிடித்து ஓடுவதற்கு என்று எழுதினேன். முடித்துவிட்டேன். சுற்றிலும் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கேதான் கெட்டது. வாழ்க்கையில் ஒரு சோதனையையும் நான் முதலில் முடித்ததில்லை. ஆகவே எங்கேயோ தப்பு இருக்கிறது என்று பட்டது. கண் தானாக இடது பக்கம் போனது.

டைக்காரர் முதல் கேள்விக்கு நுண்ணுயிர் என்றே எழுதியிருந்தார். ஆகா, மனுஷன் சரியாக எழுதுகிறார் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டாவதைப் பார்த்தேன். இருபத்தைந்து என்று போட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். இருபத்தைந்து விழுக்காடு என்றால் இருபத்தைந்துதானே இருக்க வேண்டும்? ரப்பரை எடுத்து அழித்தேன். கிரகணத்துக்கு நடுவில் பூமி என்று எழுதியிருந்தார். நிலாவையும் அழித்தேன். டயர்க் கோட்டுக்கு, ‘அழகுக்காக’ என்று எழுதியிருந்தார்.

இங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும். வருடக்கணக்காக டயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாழ்கிறவன் நான். ஆனால் அவருடைய எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. ஒருவேளை நமக்குத்தான் இத்தனை நாளாகத் தெரியவில்லையோ, டவுக்கேயும் சொல்லவில்லையோ என்று தோன்றியது. அதையும் அழித்தேன். ‘அழகுக்காக’ என்று எழுதினேன்.

மாலதி டீச்சர் தாள்களை வாங்கி அங்கேயே திருத்தினார். பாதியில் நிறுத்தி, ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அது என் தாள்தான். அழித்த இடத்திலெல்லாம் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்து, முன்னால் எழுதியது அதன் நடுவில் நெகட்டிவ் மாதிரி தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது.

“டயர்ல கோடு அழகுக்காகன்னு ரெண்டு பேரு எழுதியிருக்கீங்க,” என்றார் டீச்சர். அதட்டவில்லை. “கவின் அப்பா, தர்ஷினி அப்பா. யாரு யாரப் பாத்து எழுதுனது?”

நான் கையைத் தூக்கினேன். ஐந்தாம் ஆண்டில் எப்படித் தூக்கினேனோ அப்படியே, முழங்கை வரைக்கும் மட்டும்.

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து டைக்காரர் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க டயர் கடைல வேலை செய்றீங்கன்னு பையன் சொல்லியிருக்கான். அந்தக் கேள்விக்கு நான் சும்மா அடிச்சி விட்டேன் லா. நீங்களே அழிச்சிட்டு அதயே எழுதுனதப் பாத்துதான், சரி கரெக்ட்டுதான் போலன்னு விட்டுட்டேன்.”

“நீங்க பேங்க்ல பெரிய ஆளுன்னு நெனச்சேன்,” என்றேன்.

“வாட்டர் பில்டர் விக்கிறேண்ணே. டை கம்பெனில குடுத்தது.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பையன் சொல்லிக்குடுக்கறப்பலாம் போனையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். முதல் பாடம் மட்டும்தான் கேட்டேன்.”

டீச்சர் என் தாளைத் தூக்கிக் காட்டி, தர்ஷினி சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அதற்குச் சாட்சி இந்தக் கட்டைவிரல்தான் என்று எல்லாரிடமும் சொன்னார். ஆனால் மதிப்பெண் மதிப்பெண்தான். எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தது வேறொரு பையனின் அம்மா. கடைசிப் பாடம் அந்தப் பையனுக்குப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். தர்ஷினியும் தட்டினாள்.

இருவரும் காடியில் ஏறினோம். நான் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் கேட்டாள்.

“நான் சொல்லிக்குடுத்தது தப்புன்னு நெனச்சீங்களாப்பா?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒன்றும் நல்லதாக வரவில்லை.

“இல்லம்மா. அவரு டை கட்டியிருந்தாரு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. எட்டிப் பார்த்தால் பாதி அழுகை, பாதி சிரிப்பு. எந்தப் பாதி கூடுதல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

கடைசிப் பாடத்தை அந்தப் பையன் நன்றாகவே நடத்தினானாம். அந்த வாரம் வியாழக்கிழமை வீட்டுப் பாடம் எதுவும் கிடையாது. இருந்தாலும் நான் குளித்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். செல்வி அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அந்தக் கிரகணப் பாடத்தை எங்களுக்கு நடத்தச் சொல்லிக் கேட்டேன். தர்ஷினி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பள்ளி பினாபோர் பெல்ட்டைக் கழுத்தில் டை மாதிரி கட்டியிருந்தாள்.

“இப்ப நான் சொன்னா நம்புவீங்கதானே?” என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் எலுமிச்சை மெதுவாக வந்து ஆரஞ்சின்மேல் நிழலைப் போட்டது. செல்வி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நான் கண்ணைத் திறந்துகொண்டு, நிஜமாகவே விழித்திருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பேச்சையாவது நான் ஒரு நொடி சந்தேகப்பட்டால் போதும், “டை கட்டிட்டு வந்து சொல்லட்டுமா?” என்று கேட்கிறார்கள். தோசைக்கு உப்பு சரியாக இருக்கிறது என்று செல்வி சொல்லி, நான் தொட்டுப் பார்க்கப் போனால்கூட அதுதான். என் மச்சான் குடும்பம் வரைக்கும் பரவிவிட்டது.

தர்ஷினி இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம். போன மாதம் சுபாங் ஜெயாவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். அவள் முன்னால் உட்கார்ந்து போனில் வழி பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போகச் சொன்னாள். அந்தச் சாலை எனக்கு நன்றாகத் தெரியும். நேராகத்தான் போக வேண்டும். காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினேன். அவள் சீட் பெல்ட்டைக் கழுத்துப் பக்கம் இழுத்து, முடிச்சை இறுக்குகிற மாதிரி இரண்டு விரலால் சரிசெய்துகொண்டாள்.

இடது பக்கமே திருப்பினேன்.

ரொம்ப தூரம் போன பிறகு சுபாங் ஜெயாவுக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் இருக்கிற ரவாங்குக்குப் பலகை வந்தது. அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னாலிருந்து செல்வி, “இப்பயாவது வாயத் தொறந்து சொல்லுங்களேன், கல்யாணம் முடிஞ்சிரும்,” என்றாள்.

“டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று நேராக ஓட்டினேன்.