ஒற்றை ஸ்டார் அச்சுமுறுக்கு

போன் மறுபடியும் 'டிங்' என்றது. அமலி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இன்னொண்ணு விழுந்துடுச்சு!"

எண்ணெய்ச் சட்டியருகே இருந்த கணவன் ஜேசுராஜ் துள்ளி எழுந்தான். "எங்க, சட்டியிலயா? பல்லியா?"

"ஸ்டாருங்க!"

போன் மேப்பில் அவளுடைய அச்சுமுறுக்குக் கடைக்கு யாரோ ஐந்துக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டிருந்தார்கள். இதோடு நாலாவது ஆள்.

தஞ்சாவூர் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் நாகநாதன் நாளை வருகிறார். "சீசன் முழுக்க உங்க முறுக்கே எடுத்துக்கறேன். ஜனங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் போன்ல பாத்துடறேன்" என்றிருந்தார். அவரை நம்பி அமலி ஜெராக்ஸ் கடை வேலையை விட்டாயிற்று.

தொழில்முனைவோர் பயிற்சியில், குறை வந்தால் பொருளைத் திருத்துங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திருத்தினாள். சர்க்கரையைக் குறைத்தாள். டிங், ஒரு ஸ்டார். எள்ளைக் கூட்டினாள். டிங்.

வாடிக்கையாளரை மகிழ்வியுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். மகளிர் குழு முழுவதற்கும் இலவசப் பாக்கெட் அனுப்பி, "அப்படியே ஸ்டார் போட்டுடுங்கக்கா" என்று கெஞ்சினாள். சாயங்காலம் போன் கோயில் மணியாக அடித்துத் தீர்த்தது. அத்தனையும் ஒற்றை.

"வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்குவோமா?" என்றான் ஜேசுராஜ்.

"மாதாவுக்கு மேப் பாக்குறதுதான் வேலையா? சும்மா இருங்க."

அடுத்த தெரு வானதியின் கடைக்கோ முழுசாக ஐந்து ஸ்டார். அவள் முறுக்கை உடைக்க அம்மிக்கல் வேண்டும். அமலி இரவெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

காலையில் நாகநாதன் வந்தார். போனைத் தடவினார். நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, ஊர்ல ஒருத்தருக்குக்கூடவா பிடிக்கல?"

அந்த நேரம் பார்த்து மகளிர் குழுத் தலைவி செந்தாமரை காலி டப்பாவோடு நுழைந்தாள். "அமலி, ரெண்டு கிலோ போடு. புள்ளைங்க சண்டை போடுதுங்க."

அமலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பிடிக்கலன்னா நேர்ல சொல்லியிருக்கலாம்லக்கா? எல்லாரும் சேர்ந்து ஒத்த ஸ்டாராப் போட்டுட்டீங்களே!"

செந்தாமரை நாகநாதனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

"பின்ன? குழுவுல ஒருத்தி விடாம உனக்கு ஃபர்ஸ்ட் ரேங்க் போட்டிருக்கோம். அந்த வானதிக்குத்தான் வேணும்னே அஞ்சாவது ரேங்க்!"